பீசா கோபுரமும் ஒரு ஷூக்காரனும்

ஷூ கம்பெனியில் க்யூ.சி. பார்ப்பவனுக்கு மனிதர்களை முகம் பார்த்துப் பேச வராது. கண் நேரே காலுக்குப் போய்விடும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட வாசலில் கிடந்த செருப்புகளைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தக் கண்ணோடுதான் போன வருஷம் இத்தாலிக்குத் தோல் பார்க்கப் போனேன். சாந்தா குரோச்சே என்ற ஊர். ஆர்னோ ஆற்றங்கரை, திரும்பின பக்கமெல்லாம் டேனரி. காரைவிட்டு இறங்கியதும் அடித்த வாடைக்குக் கண்ணை மூடினால் எங்கள் பக்கத்துப் பேரணாம்பட்டுதான். கண்ணைத் திறந்தால் ஆற்றில் தண்ணீர் ஓடியது. அப்போதுதான் வெளிநாடு என்றே உறைத்தது.

மறுநாள் பக்கத்திலிருக்கும் பீசா. 1173-இல் தொடங்கி, மூன்றாவது மாடி எழும்பும்போதே சாய்ந்து, கிட்டத்தட்ட 200 வருஷம் இழுத்தடித்துக் கட்டிய மணிக்கூண்டு. புல்வெளியில் கூட்டமாக நின்று ஆளாளுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் கோபுரத்தைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி விழுமாம். நான் அவர்களுடைய குதிகால்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெளிப்பக்கம் தேய்ந்தவை. கோபுரத்தைச் சொல்ல வந்துவிட்டார்கள்!

1990-இல் கோபுரத்தை மூடிவிட்டு, 2001 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் நூற்றுக்கணக்கான டன் ஈயத்தை வடக்குப் பக்கம் அடுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் சாய்ந்த பக்கத்தைத் தொடவே இல்லை. நிமிர்ந்து நின்ற வடக்குப் பக்கத்து அடிமண்ணைத் துளைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அரை டிகிரி நிமிர்ந்தது. பதினோரு வருஷம்! எங்கள் ஊர் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கும் பெரியவர், “தேஞ்ச பக்கம் ஒட்டுப் போட்டா காசு ஜாஸ்தி தம்பி, தேயாத பக்கத்தைச் சீவிடறேன்” என்று பத்தே நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவார். கேட்டிருக்கலாம்.

இந்தப் பெருமையோடு வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கோபுரத்தைக் காட்டினேன்.

“ஆமா, சாஞ்சுதான் இருக்கு. நேரா நிக்கிற வேலூர்க் கோட்டைக்கு என்னை எப்ப கூட்டிட்டுப் போறீங்க?”

“அங்க என்ன இருக்கு?”

“1806-ல சிப்பாய்ங்க எதுக்குங்க வெள்ளைக்காரனை எதிர்த்தாங்க? புதுத் தொப்பியில தோல்ல குஞ்சம் வெச்சதும் ஒரு காரணமாம். பையன் பாடத்துல இருக்கு. தோல்காரருக்கு இது தெரியாதா?”

தெரியாது. ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர். கோட்டைக்குப் பக்கத்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷமாக பஸ் மாறுகிறேன். அகழியைத் தாண்டி ஒருநாள்கூட உள்ளே போனதில்லை.