எந்த வீதி?

எங்கள் மகளுக்கு ‘வெள்ளிவீதி’ என்று பெயர் வைக்கலாம் என்று என் மனைவி சொன்னதும், தொட்டிலைச் சுற்றி நின்றவர்களில் முதலில் வாய் திறந்தவர் பெரியப்பா. “வடக்கு வெளி வீதியா, தெற்கு வெளி வீதியா?”

மதுரைக்காரரைக் குற்றம் சொல்லக் கூடாது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று வீதி வீதியாகவே வளர்ந்தவர். அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவருக்கு ஷேர் ஆட்டோ சத்தமும் சேர்ந்து கேட்கும்.

மனைவி தமிழாசிரியை. வெள்ளிவீதியார் சங்ககாலப் பெண்பாற் புலவர், 13 பாட்டு பாடியிருக்கிறார், ஔவையாரே அவரைத் தன் பாட்டில் சொல்லியிருக்கிறார் என்று ஒரு பீரியட் எடுத்து முடித்தாள். எல்லோரும் அடக்கமாகக் கேட்டார்கள். “அப்ப ஔவையார்னே வச்சிரலாமே, நாலு பேருக்குத் தெரிஞ்ச பேரு” என்றார் சித்தி.

ஊரில் இல்லாத பேர் வேண்டாம் என்பதுதான் சபையின் தீர்ப்பு. சபைத் தலைவரான பெரியப்பாவின் பெயர் பிச்சை. அவரைப் பெற்றவள் குப்பம்மாள். அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், பிறந்ததும் குப்பையில் போட்டுத் தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை. இந்த வம்சத்தில் வந்துகொண்டு வெள்ளி மட்டும் ஆகாதாம்.

அடுத்தது ஜோசியர். மிருகசீரிடம் முதல் பாதம், ‘வே’ வரவேண்டும், இது ‘வெ’ என்றார். மனைவி விடவில்லை. “குறில், நெடில்தானே வித்தியாசம்? ஒரு மாத்திரைதான் குறையுது.”

“மெடிக்கல்ல வாங்கிக்கலாம்மா” என்றார் சித்தி.

காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவள் என் அக்கா. “அட்ரஸ எல்லாம் நான் காதுல சொல்ல மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். வெயிற்பாறையில் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமை கண்ணாலேயே காவல் காப்பதை அந்த வெள்ளிவீதியார் பாடியிருக்கிறார். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அக்கா, நடுவில் வெண்ணெய். எனக்குக் கை மட்டும் இருந்தது.

சமாதானம் பேச வந்தவர் அப்பா. பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும், பெயரைச் சேர்க்க 15 வருஷம் வரை சட்டம் இடம் தருகிறது என்று எங்கேயோ படித்திருக்கிறார். “பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி அவளே யோசிச்சு வச்சுக்கட்டும்.”

கடைசியில் ஒரு பட்டுப்புடவைக்கு அக்கா இறங்கி வந்தாள். சேலை என்னவோ ஆவணி மூல வீதியில்தான் எடுத்தது.

பதிவு செய்யப் போன இடத்தில், “குழந்தை பேரு?” என்றார் எழுத்தர்.

“வெள்ளிவீதி.”

“விலாசம் அப்புறம் சார். மொதல்ல பேரு.”

விளக்கினேன். புலவர், 13 பாட்டு, ஔவையார் வரை போனேன். தலையாட்டிக்கொண்டே தட்டினார். சான்றிதழ் நேற்று வந்தது. பெயர் என்ற இடத்தில் அழகாக ‘வெளிவீதி’ என்று அச்சாகியிருக்கிறது.

மனைவி நெடுநேரம் அதையே பார்த்தாள். “ஒரு ‘ள்’ போச்சு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஆக மொத்தம் ஒன்றரை மாத்திரை குறையுது” என்றாள்.

நாளைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன்.