விட்டால்: ஒரு சொல்லாராய்ச்சி

மனைவியின் கள்ள உறவு தெரிந்தும் வாய் திறக்காத கணவனுக்கு ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். நம் காதில் அது ‘விட்டால்’ என்று விழும்; பொருளும் ஏறக்குறைய அதுதான். ஆனால் வேர்ச்சொல் விடுதல் அல்ல, அறிதல். ஏமாந்த கணவனுக்குக் குயிலினத்திலிருந்து எடுத்த வேறொரு பெயர் உண்டு. விட்டால் என்பவனோ முட்டை யாருடையது என்று தெரிந்தே அடைகாக்கும் காக்கை. ஷேக்ஸ்பியரின் ‘விண்ட்சர் மனைவியர்’ நாடகத்தில் ஃபோர்டு என்கிற சந்தேகப் பிராணி, இந்தப் பட்டத்துக்குப் பேய்களின் பெயர்களே தேவலாம் என்று புலம்புகிறான்.

நான் தேடியவரை தமிழில் இவனுக்குப் பெயரில்லை. கணவன் பரத்தையிடம் போய்வந்தால் மனைவி எப்படி ஊட வேண்டும் என்பதற்கு மருதத்திணையே இருக்கிறது. ஆள் மாறினால் புலவர்கள் கப்சிப். ‘பிறனில் விழையாமை’ என்று வள்ளுவர் பத்துக் குறள் எழுதினார். அத்தனையும் வேலி தாண்டுகிறவனுக்கு. வேலிக்கு உள்ளே இருப்பவனுக்குக் கிடைத்தது ‘பிறன்’ என்ற மூன்றெழுத்து.

சரி, உத்திரமேரூர் கல்வெட்டு எதையும் விடாதே என்று வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 921. ஊர்ச் சபைத் தேர்தலுக்கான குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் பெரியம்மா பிள்ளை, மாமனார், மைத்துனன், மருமகன் வரை தள்ளுபடி. தகாத உறவு கொண்டவன் பிராயச்சித்தம் செய்தாலும் ஆயுளுக்கும் கிடையாது. தெரிந்தும் சும்மா இருந்தவன்? தடையே இல்லை. ஏரி வாரியத்தில் உட்கார்ந்து மதகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம், அதில்தான் அவனுக்குப் பயிற்சி.

அவனை எழுத்தில் மதித்தது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம்தான். 497ஆம் பிரிவின்படி, கணவன் சம்மதித்திருந்தாலோ கண்டும் காணாமல் இருந்திருந்தாலோ வேலி தாண்டியவன்மேல் குற்றமே கிடையாது. ஐந்து வருடச் சிறை அவன் கண்ணிமையில் தொங்கியது! 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவையே ரத்து செய்தது. மனைவியைக் கணவனின் சொத்தாக நினைத்த சட்டம் போனது நியாயம்தான். கூடவே நம் ஆளின் ஒரே உத்தியோகமும் போயிற்று.

இனி கள ஆய்வு. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர். மாலையில் தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வருவார். குறுக்கே கோழிகூட இருக்காது. வாசலில் ஸ்டாண்டு போடும்போது ஒருமுறை செருமல். செருப்பை இரண்டு தடவை தட்டுவார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து மடியை அவிழ்த்து, வெற்றிலையை நரம்பு நரம்பாகக் கிள்ளுவார்.

“அவருக்குத் தெரியாதா?” என்றேன் டீக்கடையில்.

“தெரியாமயா மணி அடிக்கிறாரு?” என்றார் மாஸ்டர்.

கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெரியவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.