பிங்கா ஓயாக் கரையில் ஸ்போர்ட்ஸ் கார்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியிலே, கடைகளால் இருபுறமும் நெருக்குண்டு கிடக்கும் எங்கள் அக்குறணையில், பிங்கா ஓயா பெருக்கெடுக்கும் அறிகுறி தென்பட்டதும் வியாபாரிகள் தத்தம் சரக்கை மேல்மாடிக்கு ஏற்றும் வேகத்தைக் கண்ணாற் காணாத எந்த ஆங்கிலேய ரசிகனும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் குணாகுணங்களைப் பற்றி எமக்கு உபதேசிக்க யோக்கியதை உடையவனல்லன் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த விசாரத்துக்குக் காரணம் என் மச்சான். மிளகும் கராம்பும் விற்று நாலு காசு சேர்த்த அவருக்கு, 1934இல் தொடங்கிய நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்து வந்த நாள்முதல் ஒரே சித்தப்பிரமை: எம்.ஜி. டிசி வாங்குவதா, ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் வாங்குவதா? இரண்டும் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிற் பிறந்தவை. மூத்தது 1945 முதல் 1949 வரை ஏறக்குறைய 10,000 மட்டுமே நிர்மாணிக்கப்பட்டது. இளையது 1958இல் உதித்து, பொனட்டின் மேலே இரு விளக்குகளையும் உருட்டி விழித்ததனால் தவளைக்கண் என்று பெயர்பெற்றது.

டிசியின் சௌந்தரியத்தை மறுப்பார் இல்லை. அதன் 19 அங்குலக் கம்பிச் சில்லுகள் வெள்ளத்துக்கும் அனுகூலமே. ஆனால் அந்த அழகிய தகட்டுக்குள்ளே இருப்பது மரச் சட்டம்; வீட்டு நிலைக்கதவையே ஒரு மாரிகாலத்திற் புசித்துவிடும் எங்கள் ஊர்க் கறையானுக்குச் சீமை மரம் கிடைத்தால், அது நமக்காக ஒரு துண்டையேனும் மிச்சம் வைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஸ்ப்ரைட் முழுக்க இரும்பு. துருப்பிடித்தால் வெல்டிங் அடிக்கலாம். ஆகவே என் வாக்கு அதற்கே. வெளியிலே கதவுப் பிடி கிடையாது, டிக்கி மூடி கிடையாது, சாமான் வைக்க ஆசனத்தின் பின்னே தலைகீழாக நுழைய வேண்டும் என்பன அற்ப தோஷங்கள். தரையோடு தவழும் அவ்வண்டி, பிங்கா ஓயா ஊருக்குள் வரும்போது, தன் பெயருக்குரிய தர்மத்தை அனுஷ்டிக்கட்டும்.

கராஜ் பாஸிடமும் யோசனை கேட்டோம். மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்புறம் முழுவதும் ஒரே துண்டாக மேலெழும் ஸ்ப்ரைட்டின் படத்தைக் கண்ணுக்கருகிற் பிடித்துப் பார்த்த அவர், "இது நம்மட மொரிஸ் மைனர்ட எஞ்சின்தானே முதலாளி! அதே 948 சிசி. கார்புரேட்டர் மட்டும் ரெண்டு போட்டிருக்கான். ஸ்டியரிங்கும் மைனர்டதான்," என்றார். உதிரிப்பாகம் சுலபமாகக் கிடைக்கும் என்ற சந்தோஷத்தில் அவர் சொன்ன அவ்வார்த்தை, இலட்சக்கணக்கிற் கொட்டி, ஊர் டாக்டர்மார் ஓட்டித் தேய்த்த இயந்திரத்தையே வாங்குவதா என்று மச்சானின் முகத்தை வாடச் செய்துவிட்டது.

அந்தச் சமயத்திலே, தேத்தண்ணித் தட்டோடு வந்த மாமி, இரண்டு படங்களையும் மாறி மாறி நோக்கி, "ரெண்டிலயும் ரெண்டு சீட்தான் இரிக்கி. அப்ப நான் எங்க மகன் இரிக்கிற?" என்று வினவினார்.

பெற்ற தாய்க்கு மறுமொழி சொல்லாத மச்சான், பாஸைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய், டிசியின் பின்னாலிருக்கும் பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு மெத்தை பூட்டலாமா என்று விசாரித்தார்.