அண்ணாச்சி பதில்கள்: 'பார்த்துச் சொல்றேன்' ஸ்பெஷல்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். முதியோர் இல்லங்களில் கச்சேரி பண்ண வாய்ப்புக் கேட்டால் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லையாம். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை காத்திருக்கவும். காத்திருப்பது எப்படி என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே பயிற்சி உண்டு.

வில்லிசைக் கலைஞர், பாளையங்கோட்டை
கே: ஒரு முதியோர் இல்ல மேனேஜர் "பார்த்துச் சொல்றேன்" என்றார். மாசம் ஒன்றரை ஆச்சு. இன்னுமா பார்க்கிறார்?
ப: அன்றைக்கே பார்த்துவிட்டார். நம்ம ஊரில் "வேண்டாம்" என்று சொல்லத்தான் நாக்குக் கூசும். போனை எடுக்காமல் இருக்கக் கை கூசாது.

தமிழாசிரியை, தாழையூத்து
கே: இந்த இழுத்தடிப்பெல்லாம் வாட்ஸ்அப் வந்த பிறகு வந்த வியாதிதானே அண்ணாச்சி?
ப: டீச்சர், நீங்களா இப்படிக் கேட்பது? புறநானூறு 196-ஐப் புரட்டுங்கள். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் தராமல் இழுத்தடிக்கிறான். புலவர் ஆவூர் மூலங்கிழார் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போட்டு உடைக்கிறார். முடிந்தால் கொடு, முடியாவிட்டால் இல்லை என்று சொல், ரெண்டும் நல்லவன் செய்கிற காரியம்தான். ரெண்டுங்கெட்டானாக நிறுத்திவைத்தால் கெடுவது உன் பேர் என்கிறார். கடைசியில் "உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அதைவிடச் சூடான வசவு தமிழில் இன்னும் எழுதப்படவில்லை.

கீபோர்டு வாசிப்பவர், மேலப்பாளையம்
கே: நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. எத்தனை தடவை ஞாபகப்படுத்தலாம்?
ப: ரெண்டு தடவை. நடுவில் ஒரு வாரம் விடும். மூணாவது தடவை நேரில் போம். காலையில் குளியல், மாத்திரை, டாக்டர் என்று ஓடுவார்கள், பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி, அப்புறம் தூக்கம். பதினொரு மணிதான் நல்ல நேரம். எதிரில் நிற்கிற ஆளை மியூட்டில் போடும் வசதி இன்னும் வரவில்லை.

தவில் கலைஞர், வள்ளியூர்
கே: கோயில் கொடைக்கு மட்டும் அட்வான்ஸ் கச்சிதமாக வருகிறதே, எப்படி?
ப: கொடைக்கு நாள் குறித்தாகிவிட்டது, கால்நாட்டு ஆகிவிட்டது, ஊரில் வரி பிரித்தாகிவிட்டது. வெற்றிலை பாக்கோடு உம்ம வாசலுக்கு ஆள் வந்தே ஆகணும். எங்கள் சீவலப்பேரிச் சுடலைமாடனிடம் போய் "அடுத்த மாசம் பார்ப்போம் சாமி" என்று சொல்லத் துணிந்த கமிட்டி இன்னும் பிறக்கவில்லை. முதியோர் இல்லத்துத் தாத்தா அரிவாளோடு ஆடி வந்து நிற்க மாட்டார். பயம் இல்லாத இடத்தில் பதிலும் இல்லை, வே!

கல்லூரி மாணவர், ராஜவல்லிபுரம்
கே: வாசலில் செக்யூரிட்டி, உள்ளே மேனேஜர், மேலே டிரஸ்டி. நான் யாரைப் பிடிப்பது?
ப: போனை எடுப்பவருக்கு "சரி" சொல்ல அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவர் போனை எடுப்பது கிடையாது. ஆகவே முதல் கேள்வியே, "இதை முடிவு பண்றது யாரு சார்?" என்று இருக்கட்டும். டிரஸ்ட் நடத்துவது என்றால் செயலாளர். திருச்சபை நடத்துவது என்றால் பெரும்பாலும் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர். கோயம்புத்தூர்ப் பக்கம் காசு கட்டிக் குடியேறும் முதியோர் குடியிருப்பு என்றால் அங்கே குடியிருப்போர் சங்கம் இருக்கும். செக்யூரிட்டியையும் அலட்சியம் பண்ணாதேயும். ஔவையார் அதியமான் வாசலில் காத்துக் கிடந்தபோது காவல்காரனைப் பார்த்துத்தான் பாடினார். ஆனால் குறி என்னவோ அதியமான் காது.

மெல்லிசைப் பாடகி, அம்பாசமுத்திரம்
கே: "வயசானவங்களுக்குப் பாடுறதுக்குக் காசு வாங்கலாமாம்மா, புண்ணியம்தானே" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
ப: "சார், புண்ணியத்தை பெட்ரோல் பங்கில் வாங்கிக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லுங்கள். அந்த இல்லத்துக்குப் பால் ஊற்றுபவரும் கரண்ட் பில் அனுப்புபவரும் புண்ணியக் கணக்கில் எழுதுவதில்லை. ஆசையாக இருந்தால் வருஷத்தில் ஒரு நாள் இலவசமாகப் பாடுங்கள். அதை நீங்கள் முடிவு பண்ணணும், மேனேஜர் பண்ணக்கூடாது.

கிடார் வாசிப்பவர், வண்ணாரப்பேட்டை
கே: பாட்டு என்றால் எடுக்காத போனை வேறு எதற்குத்தான் எடுப்பார்கள்?
ப: "எங்க அப்பா நினைவு நாள், ஒரு வேளைச் சாப்பாடு போடணும்" என்று சொல்லிப் பாரும். ரெண்டாவது மணிக்கே எடுப்பார்கள். தப்புச் சொல்லாதேயும், பல இல்லங்கள் ஓடுவதே அந்தச் சாப்பாட்டுக் கணக்கில்தான். சூட்சுமமும் அங்கேதான் இருக்கு. சாப்பாடு போடுகிற குடும்பத்தைப் பிடியும். "மதியம் பாயசம், சாயங்காலம் பாட்டு, ரெண்டும் அப்பா பேரில்" என்று சொல்லும். காசு அவர்கள் தருவார்கள். இல்லத்துக்குச் செலவில்லாத நிகழ்ச்சி என்றால் பதிலுக்குச் சிறகு முளைக்கும்.

ஆர்மோனியக் கலைஞர், கல்லிடைக்குறிச்சி
கே: பெரியவர்களாச்சே என்று பாகவதர் பாட்டாகவே பாடினேன். ஒருத்தரும் தலையாட்டவில்லை.
ப: பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்தது 1944-ல். இன்றைக்கு எண்பது வயசுக்காரர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. அவருடைய அப்பா பாட்டை அவரிடம் பாடினால் எப்படித் தலையாட்டுவார்? பத்து வயசிலிருந்து முப்பதுக்குள் நடந்ததுதான் முதுமையில் அதிகம் ஞாபகத்தில் நிற்கும் என்று மனசை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். எண்பதுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி. எழுபதுக்கு இளையராஜா. ஆமாம், 'அன்னக்கிளி' வந்தது 1976. அன்றைக்கு இருபது, இன்றைக்கு எழுபது. ராஜா ரசிகர்கள் வாக்கரோடு முன் வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், பாதையை விடும்.

சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர், வீரவநல்லூர்
கே: அவர்களுக்குக் காது மந்தம்தானே? சத்தத்தைக் கூட்டி வைத்தால் என்ன?
ப: கொடைக்குக் கட்டும் குழாயை அங்கே கட்டிவிடாதீர், புண்ணியவானே! வயசாக ஆக முதலில் மங்குவது மேல் ஸ்தாயிக் கீச்சு ஒலிகள். மொத்தத்தையும் கூட்டினால் இரைச்சல் கூடும், வார்த்தை தெளியாது. காதில் மெஷின் போட்டவருக்கு இரைச்சலும் சேர்ந்து பெரிசாகும். ஒரு பெட்டி போதும். நாற்காலிகளைக் கிட்டத்தில் போடும். ஒரு பாட்டி மெஷினைக் கழற்றி மடியில் வைத்தால் உம்ம சத்தத்துக்குக் கிடைத்த விமர்சனம் அது.

முதியோர் இல்லப் பொறுப்பாளர் (ஊர் வேண்டாம் என்கிறார்)
கே: எங்கள் கஷ்டம் உமக்குத் தெரியுமா? பாட்டு என்று வருவார்கள், ரெண்டு பாட்டு, இருபது செல்பி, போய்விடுவார்கள். படுத்தபடுக்கையாக இருப்பவர்களைப் படம் எடுக்கிறார்கள். எல்லாருக்கும் எப்படிப் பதில் போட?
ப: சபாஷ், நியாயமான கோபம். செல்பிக் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துங்கள், நானும் வந்து கம்பு பிடிக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே பதிலை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் என்ன? "படம் எடுக்கக்கூடாது. ஒரு மணி நேரம். சாயங்காலம் நாலரை. சம்பளம் இவ்வளவு, அல்லது சம்பளம் இல்லை." நாலே வரி. இதைப் படித்தாலே பாதிப் பேர் தானாக ஓடிவிடுவார்கள். மீதிப் பேர்தான் பாட்டுக்காரர்கள்.

புல்லாங்குழல் கலைஞர், சேரன்மகாதேவி
கே: அக்டோபர் 1-க்கு மட்டும் நாலு இல்லத்திலிருந்து அழைப்பு வருகிறதே?
ப: அன்றைக்கு உலக முதியோர் நாள். ஐ.நா. சபை 1990-ல் குறித்துக் கொடுத்தது. அன்று காலை ஒரு பள்ளிக்கூடம், மதியம் ஒரு சங்கம், சாயங்காலம் உங்களைப் போல் நாலு குழு. பெரியவர்களுக்குக் கைதட்டியே கை வலிக்கும். அக்டோபர் 2 காலையில் காந்திக்குப் போய்விடுவோம். நீர் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையைக் கேளும், போட்டியே கிடையாது.

டீக்கடைக்காரர், திருநெல்வேலி டவுன்
கே: பதில் சொல்லாமல் ஏமாற்றுவதை "அல்வா கொடுத்துட்டான்" என்கிறார்களே, நம்ம ஊர் மானம் என்ன ஆவது?
ப: அபாண்டம்! இருட்டுக்கடை வாசலில் சாயங்காலம் வரிசையில் நின்று பாரும். முண்டியடிக்கணும், வியர்க்கணும், ஆனால் கடைசியில் இலையில் சுடச்சுட விழும். இவர்கள் வரிசையில் நிறுத்துகிறார்கள், கடையையே திறப்பதில்லை.

கோபக்கார இளைஞர், மணப்படைவீடு
கே: "சீவலப்பேரிக்காரன்" என்று சொல்லி மிரட்டினால் பதில் வருமா அண்ணாச்சி?
ப: 'சீவலப்பேரி பாண்டி' 1994-லேயே படமாக வந்து, டி.வி.யிலும் ஓடித் தேய்ந்தாச்சு. நீர் மிரட்டினால் மேனேஜர் "நெப்போலியன் நல்லா நடிச்சிருந்தார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதுவும் எங்கள் ஊர் சும்மா ஊர் இல்லை. தாமிரபரணியில் சிற்றாறு வந்து கலக்கிற இடம், முக்கூடற்பள்ளு பிறந்த மண். மிரட்ட வேண்டாம், பாடும்.

நையாண்டி மேளக் கலைஞர், ஸ்ரீவைகுண்டம்
கே: அவமானப்படுத்தியவரைப் பழிவாங்க நாகரிகமான வழி உண்டா?
ப: சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் காட்டிய வழி. இளவெளிமான் கொடுத்த அற்பப் பரிசைத் தள்ளிவிட்டு, குமணனிடம் போய்ப் பாடி யானை வாங்கி, அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுப் போனார். நீர் அடுத்த இல்லத்தில் வாசித்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும். பதில் போடாதவர் முதல் ஆளாகப் பார்ப்பார். இந்தக் காலத்து யானை அதுதான். தீனிச் செலவும் கிடையாது.

வழக்கறிஞர், பாளையங்கோட்டை
கே: முதியோருக்குப் பாட்டு என்பது தேவையா, ஆடம்பரமா? சட்டம் ஏதாவது சொல்கிறதா?
ப: வக்கீல் என்னிடம் சட்டம் கேட்கிறார், காலம்! பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 19. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுக்குச் சொல்கிறது. அங்கே தரவேண்டிய சேவைகளைப் பற்றிச் சொல்லும்போது மருத்துவத்துக்கு அடுத்தபடியே பொழுதுபோக்கையும் சேர்த்து எழுதியிருக்கிறது. பாராளுமன்றமே மாத்திரையையும் பாட்டையும் ஒரே வரியில் வைத்துவிட்டது. மேனேஜர்தான் இன்னும் அந்த வரிக்கு வந்து சேரவில்லை.

நாதஸ்வர ரசிகர், கோவில்பட்டி
கே: காருகுறிச்சி அருணாசலம் இருந்திருந்தால் இப்படிக் காத்திருப்பாரா?
ப: அவரைத் தேடி ஊர்கள்தான் காத்திருந்தன. 1964-ல், நாற்பத்துச் சொச்சம் வயசிலேயே போய்விட்டார். காத்திருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளக் காலம் அவருக்கு வாய்க்கவில்லை. நமக்கு ஆயுசு கெட்டி.

ஓய்வுபெற்ற இசையாசிரியர், ஆழ்வார்குறிச்சி
கே: முதியோருக்குப் பாடுகிறோம் சரி. பாடியவன் முதியோர் ஆனால்?
ப: இத்தாலிக்காரர் வெர்டிக்கும் இதே கவலை. வயசான, வசதியில்லாத பாட்டுக்காரர்களுக்கென்றே மிலான் நகரில் இல்லம் கட்டினார். தான் போன பிறகுதான் திறக்கணும் என்று சொல்லிவிட்டார். 1901-ல் போனார், 1902-ல் திறந்தார்கள். இன்னும் நடக்கிறது. தான் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்பார் அவர், அத்தனை ஆபராவையும் எழுதிவிட்டு. நம்ம ஊரில் வாழும்போதே கோடி சம்பாதித்த இசையமைப்பாளர்கள் உண்டு. இந்தப் பக்கத்தை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வில்லுப்பாட்டு ரசிகர், முக்கூடல்
கே: கலைஞனுக்குப் பதில் வரவே வராதா?
ப: வரும், சாவகாசமாக. சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த நம்ம வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ வந்தது, தொண்ணூறு தாண்டிய பிறகு. அடுத்த வருஷமே போய்விட்டார். டெல்லி சர்க்கார்கூடப் பதில் போட்டுவிட்டது பாரும். இருபது கிலோமீட்டரில் இருக்கிற மேனேஜர்தான் இன்னும் யோசிக்கிறார்.

82 வயதுப் பெரியவர், ஒரு முதியோர் இல்லத்திலிருந்து
கே: எங்கள் இல்லத்தில் பாட ஒரு பிள்ளை கேட்டானாம். ஆபீசில் பதில் போடவில்லையாம். பாட்டு வேணுமா என்று எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை தம்பி.
ப: ஐயா, இத்தனை கேள்வியிலும் இதுதான் கேள்வி. ஒரு வெள்ளைத்தாளில் "எங்களுக்கு மாசம் ஒரு சாயங்காலம் பாட்டு வேணும்" என்று எழுதி, கூட இருப்பவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மேனேஜர் மேஜையில் வையுங்கள். வெளியிலிருந்து வரும் போனை எடுக்காமல் இருக்கலாம். உள்ளே இருந்து வரும் தாளை அப்படித் தள்ள முடியாது.

இல்லம் நடத்துகிற அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் செய்வது பெரிய காரியம், மறுக்கவில்லை. வேணும் என்றால் தேதி சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒருத்தரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் போனில் பதில் கிடைக்காமல் காத்துக் கிடக்கிற பாட்டுக்காரருக்கு இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.