மங்கல விளக்கேற்றல்

பதுளைப் பக்கத்தில் நல்லிணக்கப் பயிலரங்கு என்றால் முற்பகல் எதில் கரையும் என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. போன கிழமை ஹப்புத்தளையில் அப்படியொன்றில் அகப்பட்டுத் திரும்பிய கட்டுரைக்காரருக்குச் சளி இறங்கிவிட்டது, கோபம்தான் இறங்கவில்லை. 'பணியிடத்தில் பன்முகத்தன்மையைப் போற்றுவோம்' என்று வாசலில் பதாகை. போற்றுமுன் விளக்கேற்ற வேண்டும்.

ஹப்புத்தளை மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். தெற்கே தாழ்நிலத்திலிருந்து ஏறிவரும் காற்று யாருடைய பதவியையும் மதிக்காது. உச்சியில் சேவல் வைத்த பித்தளை விளக்கை, படம் நன்றாக வரும் என்று வாசற்படியிலேயே நிறுத்தியிருந்தார்கள். முதல் திரி பிரதம அதிதிக்கு. அவருடைய பதவியை அறிவிப்பாளர் சிங்களத்தில் சொல்லித் தமிழில் சொல்வதற்குள் மெழுகுதிரி அணைந்தது. இரண்டாம் திரிக்கு ஒரு மேலதிகாரி வந்தபோது முதல் திரி போயிற்று. மூன்றாமவர் பற்றவைத்த சுடர் நின்று எரிந்தது. ஆனால் புகைப்படக்காரர் தவறவிட்டுவிட்டார். "சேர், இன்னொருக்கா பத்த வைங்க" என்றார். எரிகிற திரியை ஊதி அணைத்துவிட்டு, புன்னகையோடு மறுபடி ஏற்றினார்கள். நான்காம் திரி எண்ணெயில் மூழ்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தப் போனவரின் கைக்குட்டை மட்டும் நன்றாகப் பற்றிக்கொண்டது. அறிவிப்பாளர் முதலிலிருந்து தொடங்கினார், அதே பதவிகள், அதே இரண்டு மொழிகள். திரி நுனியில் கிள்ளுக் கற்பூரம் வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்பது எந்தத் தோட்டத்துக் கோயில் பூசாரிக்கும் தெரியும். அவரை யாரும் அழைக்கவில்லை. கடைசியில் தேத்தண்ணி ஊற்றுகிற அண்ணன் நெருப்புப்பெட்டியோடு வந்து, முதுகைக் காற்றுக்குக் காட்டிக் குனிந்து, ஐந்து திரிகளையும் ஒரே குச்சியில் கொளுத்திவிட்டுப் போனார். அவர் பெயரை அறிவிப்பாளர் சொல்லவில்லை. படமும் எடுக்கப்படவில்லை.

பிறகு குழுப்படம். ஒசரியில் ஒருவர், மல்லிகைப்பூவோடு சேலையில் ஒருவர், பர்தாவில் ஒருவர். வருடம் முழுக்கக் காற்சட்டையில் வரும் தமிழ் எழுதுநர் அன்றைக்கு மச்சானிடம் வேட்டி இரவல் வாங்கி, அதை இரண்டு கையாலும் பிடித்தபடி பன்முகத்தன்மையாக நின்றார்.

விரிவுரையாளரின் திரையில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் கண்ணாடி மாடி தெரிந்தது. கட்டுரைக்காரருக்கு இங்கேதான் நிஜமாகவே எரிச்சல். ஊவாவில் உதாரணத்துக்கா பஞ்சம்? பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்ல, ஹாலிஎல, ஹப்புத்தளை, மீகஹகிவுல ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களம், தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று 1999 நவம்பரிலேயே வர்த்தமானி வந்துவிட்டது. அரச சேவைக்குப் புதிதாக வருகிறவர்கள் மற்ற மொழியையும் படித்துத் தேற வேண்டும் என்ற சுற்றறிக்கைக்கு வயது 2007இலிருந்து ஓடுகிறது. ஆனாலும் கொழுந்தெடுக்கும் அக்கா பிறப்புச் சான்றிதழ் வாங்க வரும்போது, சிங்களம் பேசுகிற பக்கத்து லயத்துப் பையனையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார். தோட்டத்து நாட்சம்பளத்தை 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக்கினார்கள். எவ்வளவாக்கினாலும், அக்கா சான்றிதழுக்கு வந்ததால் பேர் விழாத அந்த நாளில் அது பூச்சியம்.

திரையில் அக்கா வரவில்லை. 1984 வரை தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்சம்பளம் என்பதும் வரவில்லை. வேற்றுமையை அந்தக் காலத்தில் சம்பளப் புத்தகத்திலேயே போற்றியிருக்கிறார்கள், பயிலரங்கு வேண்டியிருக்கவில்லை.

சரி, ஒற்றுமை? அதற்கும் திரையில் கைகோத்த பொம்மைகள்தான். எந்த அலுவலகத்திலும் சித்திரைப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ ரமழானுக்கோ நத்தாருக்கோ பண்டிகை முற்பணம் எடுக்காத மனிதரைக் காட்டுங்கள். மாதாமாதம் அது கழிபடும்போது சம்பளத் துண்டைப் பார்க்கும் முகம் நான்கு மதத்திலும் ஒன்றுதான். போயா விடுமுறையைக் கொண்டாட யாரும் பௌத்தராக இருக்க வேண்டியதில்லை. 2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தபோது, இந்துக்களைவிட அதிகமாக நொந்துகொண்டவர்கள் ஓர் அலுவலகத்தின் சிங்கள, முஸ்லிம் ஊழியர்கள். "ஒரு லீவு போச்சே" என்று அவர்கள் அடித்துக்கொண்ட நெஞ்சைக் கட்டுரைக்காரர் நேரிலேயே பார்த்தார். இதைக் குழுக் கலந்துரையாடலில் எழுந்து சொல்லலாம் என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தார்.

அந்த அமர்வு பிற்பகல் இரண்டு மணிக்கு இருந்தது. விளக்கால் நேரம் போய்விட்டதென்று அதை நீக்கி, சோற்றுப் பார்சலைக் கொடுத்து, வரவுப் பதிவில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ் தபாலில் வருமாம்.