இலைக்கு முன் எல்லை

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து மின்ரயிலில் வேலைக்குச் செல்வோரும் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருவோரும் வெளியில் உண்ணும்போது அளவைக் காப்பது எவ்வாறு?

பதில்: இலை போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய அளவைச் சோறு வந்த பிறகு முடிவு செய்ய முற்படுவதே பலரின் தோல்விக்குக் காரணமாகும், ஏனெனில் வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டுவதற்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும் என்று கருதப்படுகையில், பரனூர்த் தொழிற்பேட்டையின் ஊழியர் அதற்குள் உண்டு முடித்துக் கைகழுவியும் விடுகிறார். செய்தி வந்து சேரும்போது பெறுவதற்கு அங்கே ஆளில்லை!

ஆதலால், கேட்கக் கேட்கப் பரிமாறப்படும் முழுச் சாப்பாட்டைவிட, ஒரே முறை வரையறுத்துத் தரப்படும் அளவுச் சாப்பாடே அவசரக்காரருக்கு உற்ற துணையாகும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, அன்றாட ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரையறுப்பதால், இரண்டாம் முறை கேட்க வேண்டியது சோற்றையன்று, பொரியலையும் கூட்டையுமே. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்று பெயர் பெற்றும் பெரும்பகுதி உண்ணும் அளவையே பேசுவது, தமிழ் மருத்துவச் சிந்தனையின் தெளிவுக்குச் சிறந்த சான்றாகும்.

மாமல்லபுரக் கடற்கரையில் மணக்கும் பொரித்த மீனை விலக்க வேண்டியதில்லை. ஒரு துண்டை இருவர் பகிர்ந்துகொண்டு, அடுத்த வேளைக்கு மீனைக் குழம்பாக உண்பது போதுமானது.