அறை: அலவத்துகொட ராக் இசைக்குழு ஒன்றின் தோற்றமும் தும்மலும்

சென்ற மாதம் ஓர் ஆய்வரங்கில் அகப்பட்டுக்கொண்டேன். ஒரு சொல்லின் வேரைத் தேடிப் புறப்பட்ட பேராசிரியர் ஐம்பது நிமிடம் தோண்டினார். வேர் வரவில்லை. தேநீர் ஆறியது. வடையை முன்வரிசை முடித்துவிட்டது. ஆய்வு இவ்வளவுதான் என்றால் நம்மாலும் ஆகும் என்ற துணிவில் பிறந்தது இக்கட்டுரை. பொருள்: கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், அக்குறணைக்கு அப்பால் வரும் அலவத்துகொடவில் நாலு பேர் நடத்திய ராக் இசைக்குழு. ஆய்வாளருக்கும் இக்குழுவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைப்பது ஆய்வு நெறி.

1. சொல்லாய்வு

ராக் என்பதை ஆங்கிலச் சொல் என்று மயங்குவோர் உளர். பழந்தமிழில் அறை என்றால் பாறை. அறை என்றால் அடி, பறையறைவது அப்படித்தான். நாலு சுவருக்குள் இருப்பதும் அறை. பாறை, அடி, ஒத்திகை பார்க்க ஓர் இடம், மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில் அல்லாமல் ராக் இசை வேறெங்கே பிறந்திருக்கும்? அறையின் முன்னெழுத்துத் தேய்ந்து 'றை' ஆகி, அந்நியர் வாயில் 'ராக்' ஆனது. கடைசியில் உள்ள 'க்' எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் தமிழின் வளர்ச்சியைப் பொறுக்காதவர்கள்.

நிலமும் சாட்சி சொல்கிறது. இதே வீதியில் மாத்தளையைத் தாண்டினால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் ஏறியது அங்குள்ள பாறைக் குகைகளில்தான் என்பது மரபு. இன்னும் வடக்கே சிகிரியா. அதுவும் பாறை. 1982இல் டுரான் டுரான் என்ற பிரித்தானியக் குழு 'சேவ் எ பிரேயர்' பாட்டுக்கு அங்கே படம் பிடித்தது. கண்டி வழியாகப் போயிருந்தால் அலவத்துகொடவைத் தாண்டியிருப்பார்கள். தாண்டியிருந்தால் தேநீருக்கு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை என்பதற்கு இன்றுவரை எவரும் ஆதாரம் காட்டவில்லை. ஆகவே இறங்கினார்கள் (தேநீர்க்கடைக்காரர், வாய்மொழி, அப்போது அவருக்கு வயது இரண்டு).

2. முன்னோர்

தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று நித்தி கனகரத்தினத்தைச் சொல்வார்கள். 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ. மனோகரன் பொப்பிசைச் சக்கரவர்த்தி. சிங்களப் பாட்டுக்கு மின்கிட்டாரைக் கொண்டுவந்த பெருமை ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவுக்கு. கண்டியிலிருந்தே 2001இல் பாரனாய்ட் எர்த்லிங் கிளம்பிவிட்டது. தந்தை, சக்கரவர்த்தி, முதல்வர் எல்லாப் பட்டமும் போய்விட்ட நிலையில், நம் குழுவுக்கு எஞ்சியது சித்தப்பா பட்டம் மட்டுமே. அதற்கும் மாத்தளையில் ஒரு குழு உரிமை கோருகிறது.

3. தோற்றம்

யூ2 குழு 1976இல் டப்ளினில் டிரம்ஸ்காரர் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. நம் குழு அதற்கும் ஒரு படி பின்னால் போய், சமையலின் மூலப்பொருளில் தொடங்கியது. டிரம்ஸ்காரனின் மாமாவுக்கு மிளகுக் களஞ்சிய அறை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மிளகு மூட்டை, மறுபக்கம் கராம்பு, நடுவில் நாலு பேர். டிரம்மை அறைந்ததும் மூட்டைகள் அதிரும், தூசு எழும்பும், மூன்றாவது வரியில் பாடகன் தும்முவான். இத்தும்மல் காலப்போக்கில் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. வெட்டவெளியில் பாடும்போதும் அதே இடத்தில் அவனுக்குத் தும்மல் வந்தது. இதை நாட்டார் கூறு என்று ஒரு சாராரும், பின்நவீனத்துவம் என்று மறு சாராரும் உரைப்பர். 'தொண்டைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடி' என்பது மூன்றாம் கருத்து (உம்மா, சமையலறை வாசல், பல பதிப்புகள்).

4. பெயர்

இன்னும் முடிவாகவில்லை.

5. கருவிகள்

கிட்டார்: ஒன்று, தந்தி ஐந்து. பேஸ் கிட்டார்: வாங்குவதாக இருந்தது. ஒலிபெருக்கி: மரண அறிவித்தல் சொல்லிப் போகும் ஆட்டோவிலிருந்து இரவல். 'ஒன், டூ, செக்' என்றதுமே பக்கத்து வீட்டார் வெளியே வந்து, 'யாரு தம்பி போயிட்டாங்க?' என்று கேட்பார்கள்.

6. போக்குவரத்து, அல்லது டிரம் பயணியா பொதியா என்னும் சிக்கல்

இசை வரலாறு எழுதியோர் ராகம் பற்றி எழுதினர், தாளம் பற்றி எழுதினர். டிரம்மை யார் தூக்கினார் என்று எழுதியவர் இல்லை. அக்குறையை இப்பகுதி நீக்கும்.

பேஸ் டிரம்மின் விட்டம் 22 அங்குலம். ஆட்டோவில் டிரம்மை ஏற்றினால் ஆளுக்கு இடமில்லை. வேனுக்குக் காசில்லை. எஞ்சியது பஸ். மாத்தளையிலிருந்து வரும் பஸ் அலவத்துகொடவைத் தொடும்போதே மிதிபலகை வரை ஆள் நிற்கும். டிரம்ஸ்காரன் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் (திருத்தம்: பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர் மறுபக்கமும்) பிடித்து ஏற்றி, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கவைத்தோம், அதாவது, வைத்தனர். நடத்துநர் வந்து பார்த்தார். 'மல்லி, மேக்கட்டத் டிகட் ஓன' என்றார். இதற்கும் டிக்கெட் வேண்டுமாம்.

இவ்விடத்தில் மூன்று கொள்கைகள் மோதின. ஓர் ஆள் நிற்கும் இடத்தைப் பிடிப்பதால் டிரம் ஒரு பயணி என்பது நடத்துநர் கொள்கை. மிச்சக் காசு கேட்காத ஒன்று பயணி ஆகாது, அது பொதியே என்பது டிரம்ஸ்காரன் கொள்கை. முன்சீட்டில் இருந்த அம்மா இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மடியில் கனத்த பலாக்காயைத் தூக்கி டிரம்மின் மேல் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். அது மேசை என்பது அவர் கொள்கை. பின்வந்தோர் பலரும் அவரையே வழிமொழிந்தனர். அக்குறணையில் ஏறியவர் மாலுபாண் பையை வைத்தார். பிறகு ஒருவர் குழந்தையையே தூக்கி உட்காரவைத்தார். குழந்தை காலை ஆட்டியது. குதிகால் மரத்தில் பட்டு டொக், டொக் என்றது. பஸ்ஸில் பைலா ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஒலிபெருக்கியைவிட அந்த பஸ்ஸின் ஒலிபெருக்கி பெரிது. பாட்டும் குதிகாலும் பிசகாமல் சேர்ந்து போயின. 'மச்சான், இவன்ட டைமிங் நம்மட டைமிங்க விட நல்லா இருக்கு' என்றான் டிரம்ஸ்காரன், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் சமரசம் ஏற்பட்டது: டிரம்முக்கு அரை டிக்கெட். அறைகின்ற பொருளுக்கு அரை டிக்கெட் என்பதில் வல்லினமும் இடையினமும் கைகோத்து நிற்கும் அழகை இலக்கண ஆசிரியர் எவரும் கவனித்திலர் (பஸ் டிக்கெட், பின்பக்கம், பென்சிலில் எழுதிய பாட்டு, மழையில் நனைந்த பிரதி, 'மிச்சம் ஐந்து ரூபா' என்னும் வரி பாட்டில் உள்ளதே என்பார் ஒருவர், நடத்துநரின் இடைச்செருகல் என்பார் மற்றொருவர், இவ்விருவரும் ஆறு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை, இருவருக்கும் இதனால் முனைவர் பட்டம் கிடைத்தது).

7. ரசிகர்கள்

ஐவர், அவருள் மூவர் உறவினர், ஒருவர் கடன்காரர்.

8. காலப்பகுப்பு

மின்காலம், மின்னிலாக் காலம், குரங்குக் காலம் என மூன்று. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, குழு மின்சாரமில்லா இசைக்கு மாறியது. இதைக் கலைத் தேர்வு என்று எழுதும் விமர்சகரை மன்னிக்கலாம். அவருக்கும் அப்போது வெளிச்சம் இல்லை. மூன்றாவது காலம் ஒரே நாளில் தொடங்கி முடிந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. மாத்தளையில் ஒரு கல்யாணம். காலை பதினொரு மணி கடந்து முதல் பாட்டைத் தொடங்கவும், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அமைச்சரே குரங்கைத்தான் சொன்னார். 1962இல் டெக்கா நிறுவனம் பீட்டில்ஸைத் திருப்பி அனுப்பியதற்குப் பின் ராக் இசைக்கு நேர்ந்த மிகப் பெரிய நிராகரிப்பு இது. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. பாட்டு நின்றதற்குத்தான் என்பது தெளிவாக இருந்தது.

9. முடிவுரை

'மேலும் ஆராயப்பட வேண்டும்' என்று முடிப்பது மரபு. அடுத்த நிதிக்கு அதுவே விண்ணப்பம். ஆராய இனி எதுவும் இல்லை. டிரம்ஸ்காரன் கட்டாருக்குப் போய்விட்டான். போகும் அன்று அவனுடைய பெட்டியின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை, பெயர் குறிப்பிட விரும்பாத அதே ஆளும் பிடித்து வேனில் ஏற்றினார்கள். டிரம் மாமாவின் அறையிலேயே தங்கிவிட்டது. அதன் ஒரு பக்கத் தோலைக் கழற்றிவிட்டு உம்மா உள்ளே மிளகு கொட்டி வைத்திருக்கிறார். ஆய்வுக்காகப் போன வாரம் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

தும்மல்தான் வந்தது. மூன்றாவது வரி வரும் இடத்தில்.